துன்பம் தன்மை இடத்தது: மறைப்பணியாளர் இலக்கிய ஆய்வுகளுக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

கத்தோலிக்க மறைப்பணியாளர் பற்றிய கட்டுரைகளுக்குத் தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் என்றும் குறைவிருந்ததில்லை. ஆயின் அவற்றை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு, யாவும் ஒரே கட்டுரையின் படிகளோ என்னும் ஐயம் எழும். வீரமாமுனிவர் எகர ஒகர வரிவடிவங்களைச் சீர்செய்தார், சதுரகராதி தந்தார், தொன்னூல் விளக்கத்தில் ஐந்திலக்கணமும் உரைத்தார், பரமார்த்த குரு கதையால் உரைநடைக்கு வழி வகுத்தார், ஆகவே அவர்தம் தமிழ்த்தொண்டு போற்றத்தக்கது என அவை முடியும். இச்செய்திகளில் பிழையில்லை. எனினும் இம்மனிதர்கள் எதன்பொருட்டுக் கடல் கடந்தனர், சிறையையும் பிணியையும் சாவையும் எவ்வாறு ஏற்றனர், அவ்வேற்பு அவர்தம் எழுத்தில் எவ்வாறு பதிந்துள்ளது என்னும் வினாக்கள் அங்கு எழுவதே இல்லை. நாம் அகராதியை எடுத்துக்கொண்டோம். அகராதி செய்தவனின் நெஞ்சை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

இவ்வினாக்களை எழுப்புவோர் வேறு இரு சாரார். சமயப் பற்றால் எழுதுவோர் துன்பத்தையே புகழாக்கி, காயங்களை எண்ணிக் காட்டுவர். பகுத்தறிவு நோக்கினர், துன்பத்துக்கு ஆன்மிகப் பொருள் கற்பிக்கும் இலக்கியம் அனைத்தும் ஏழைகளை அடங்கியிருக்கச் செய்யும் மயக்கமருந்து என ஒரே வரியில் ஒதுக்குவர். மூவகையினரும் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறினர் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்வேறுபாட்டை விளக்கத் தமிழிலக்கணமே நமக்குச் சொல் தந்துள்ளது. துன்பத்துக்குப் பொருள் காண்பது தன்மை இடத்தில் நிகழின் அது ஆன்மிகம். முன்னிலை நோக்கிச் சொல்லப்படின் அது ஆணை. படர்க்கையில் வைத்துப் பேசப்படின் அது அணிகலன். இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டதே நம் ஆய்வுகளின் அடிப்படைப் பிழை.

வள்ளுவர் வகுத்த இலக்கணம்

இவ்வேறுபாடு மேலைநாட்டிலிருந்து வந்ததன்று. திருக்குறளின் தவம் என்னும் அதிகாரம் தவத்தின் வடிவத்தை முதற்குறளிலேயே வரையறுக்கிறது. தனக்கு உற்ற நோயைப் பொறுத்தல் ஒரு பாதி. பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை மறுபாதி. இரண்டையும் இணைத்தே வள்ளுவர் தவத்துக்கு உருக் கொடுத்தார். முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘பொறுத்திரு’ எனப் பிறர்க்கு உபதேசிப்பவன் அவ்விலக்கணப்படித் தவசியாகான். பிறர் துன்பத்துக்கு உடந்தையானவனே ஆவான்.

வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730ஆம் ஆண்டில் இலத்தீனில் பெயர்த்தார் என்பதை நாம் சலிப்பின்றி எழுதிவருகிறோம். தவம், இடுக்கண் அழியாமை ஆகிய அதிகாரங்கள் அவ்விரு பால்களுள் அடங்குவன அல்லவா? துறவியாய் வாழ்ந்து, துன்பத்தை நாளும் நேர்கொண்ட ஒருவர் அவ்வதிகாரங்களை எவ்வுணர்வோடு பெயர்த்திருப்பார் என நம்முள் எத்துணைப் பேர் வினவினோம்? மொழிபெயர்ப்பின் ஆண்டைக் குறித்ததோடு நம் கடமை முடிந்ததெனக் கொண்டோம்.

ஓரியூர்: திரும்பி வந்தவரின் கதை

அருளானந்தர் எனத் தமிழ் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1647ஆம் ஆண்டில் லிசுபனில் உயர்குடியில் பிறந்தவர், அரண்மனையில் வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து 1673இல் கோவா வந்தடைந்து, பின்னர் மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். பிராமணர்க்கெனப் பணிபுரிந்த சந்நியாசிகள் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலாத சூழலில், அவர்களையும் அணுகத்தக்கதாகப் பண்டாரசுவாமி என்னும் கோலம் 1640ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்டது. அக்கோலத்தைத் தேர்ந்ததிலேயே அவர் எவர் பக்கம் நின்றார் என்பது புலப்படும்.

1686இல் மறவர் நாட்டில் அவரும் அவருடைய உபதேசியார்களும் பிடிபட்டுக் கொடிய வதைக்குள்ளாயினர். விடுதலைக்குப் பின் சபைப் பணியின் பொருட்டு அவர் போர்த்துகல் சென்றார். அங்கு மன்னர் அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பினார். இருந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். எனினும் 1690இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். தமக்குத் தடைவிதிக்கப்பட்டிருந்த மறவர் நாட்டுக்குள் மறுபடியும் புகுந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். 1947இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவ்வரலாற்றை எழுதுவோர் வதையின் கொடுமையில் தங்கிவிடுகின்றனர். துன்பத்தின் ஆன்மிகப் பொருள் வதையில் இல்லை. லிசுபனிலிருந்து திரும்பிய அந்தக் கப்பற் பயணத்தில் இருக்கிறது. என்ன நேரும் என அறிந்த ஒருவர், நேராதபடி காத்துக்கொள்ள வழியிருந்தும், தம்மை நம்பியிருந்தோரிடம் திரும்பினார். முதன்முறை நேர்ந்தது அவர்மேல் வந்த துன்பம். இரண்டாம் முறை நேர்ந்தது அவர் ஏற்ற துன்பம். கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய மடலில் இறப்பைத் தாம் மகிழ்வோடு எதிர்நோக்குவதாகவே அவர் கூறினார். தன்மை இடத்தில் துன்பம் பொருள்பெறுதல் என்பது இதுவே.

இனி, அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 1686இல் அவரோடு வதையுண்ட உபதேசியார்களின் பெயர்கள் நம் இலக்கிய வரலாற்று நூல்களில் எங்கே? ஒரே கயிற்றால் கட்டுண்டாலும் ஐரோப்பியர் காயம் வரலாறாயிற்று. தமிழர் காயம் அடைமொழியாயிற்று. பணித்தளத்தின் அன்றாடப் பாரத்தைச் சுமந்தோர் அவர்களே என்பதை அறிய, அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என ஒரு நூல் செய்ய நேர்ந்ததே போதிய சான்று.

இன்னொன்றும் உண்டு. தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபோது ஒரு மனைவியை மட்டும் கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவருடைய முறையீடே கொலைக்கு வழிவகுத்தது. நம் நூல்களில் அப்பெண் சூழ்ச்சிக்காரியாக மட்டுமே வருகிறார். ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்த அப்பெண்களின் துன்பத்துக்கு எவர் பொருள் கண்டார்? அருளானந்தரின் தியாகத்தைக் குறைத்து மதிப்பதற்காக இதனைக் கேட்கவில்லை. ஒருவர் துன்பத்தை ஒளிவிளக்காக்கும்போது அவ்விளக்கின் நிழலில் எவரெவர் நின்றனர் எனக் காட்டுவதும் ஆய்வாளன் கடமை என்பதற்காகவே கேட்கிறேன்.

வடக்கன்குளம்: ஒரே ஊர், இரு சாட்சிகள்

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டர் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். கால்நடைகளும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என மரபுச் செய்தி கூறுகிறது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தண்டிக்கப்பட்டதன் காரணம் குறித்து வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் பட்ட துன்பம் குறித்து இல்லை. 2022 மே 15ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

யோபுவின் கதையை அவர் எவ்வாறு கேட்டிருப்பார் என்பது சிந்திக்கத்தக்கது. அக்கதை பொறுமையின் கதை என்பது பாதி உண்மை. நூலின் பெரும்பகுதியில் யோபு பொறுப்பதில்லை, வழக்காடுகிறார். ‘நீ செய்த பாவத்தின் பயனே இது’ என முன்னிலையில் நின்று அவர் துன்பத்துக்குப் பொருளுரைத்த நண்பர்களையே இறுதியில் இறைவன் கடிகிறார். இழப்புற்ற ஒருவருக்கு அக்கதை ஆறுதலாய் அமைந்ததெனின், அது ‘அடங்கியிரு’ எனச் சொன்னதால் அன்று. ‘நீ குற்றவாளி அல்லை’ எனச் சொன்னதால் ஆகும்.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் பலிபீடத்தை மட்டும் காணும்படி இருகிளைகளாய்ப் பிரித்துக் கோயில் எழுப்பப்பட்டது. நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அது தங்கள் உரிமைக்கு இழுக்கெனச் சிலர் நீதிமன்றம் வரை சென்றனர். சுவரின் இருபுறத்தும் ஒரே சிலுவைதான் வணங்கப்பட்டது. ஒரே துன்புற்ற உருவத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்திருப்பவன்மேல் இழிவைச் சுமத்த மனிதரால் இயலும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. படர்க்கையாகிவிட்ட துன்பம் எவரையும் மாற்றுவதில்லை. அது சுவரில் மாட்டப்பட்ட அணிகலனாகிவிடுகிறது. பிறப்பால் வந்த மேன்மையை விட்டவரைப் புனிதராகக் கொண்டாடும்போதும் அவருடைய சாதிப்பெயரைச் சேர்ப்பதா விடுப்பதா என அண்மையில் வழக்காடிய நாம், அச்சுவர் முற்றும் இடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள இயலாது.

அழுங்கலும் வியாகுலமும்

இனி இலக்கியத்துக்கு வருவோம். மறைப்பணியாளர் இலக்கியம் துன்பத்தை நியாயப்படுத்துவது என்போர் அந்நூல்களைத் திறந்து பார்த்ததில்லை என்றே கருத வேண்டியுள்ளது. வீரமாமுனிவர் இயற்றிய சிற்றிலக்கியங்களுள் ஒன்று அன்னை அழுங்கல் அந்தாதி. பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாகும் அந்தாதி யாப்பு, முடிந்ததென நினைக்கும்போதெல்லாம் மீளத் தொடங்கும் தாயின் புலம்பலுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை யாப்பியல் பேசும் நம் ஆய்வுகள் கூடப் பேசியதில்லை.

தேம்பாவணியில் காட்டில் தாயை இழந்த கருணையன் புலம்பும் பகுதி பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்று, இன்று பள்ளி மாணவர்க்கும் அறிமுகமாகியுள்ளது. திருமுழுக்கு யோவானாக வளரப்போகும் அப்பிள்ளை அங்கு எந்த இறையியலும் பேசுவதில்லை. தனித்து விடப்பட்ட பிள்ளையாக அழுகிறான். அவனோடு மலர்களும் மரங்களும் பறவைகளும் அழுகின்றன. வளனாகிய சூசையப்பரும் அவ்வாறே ஐயத்தால் வெதும்புகிறார். கொலைக்கஞ்சிக் குழந்தையோடு எகித்துக்கு ஓடுகிறார். காப்பியத்தில் வானவர் வந்து தெளிவு கூறும் இடங்கள் பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தெளிவு வருமுன் அழுகைக்கு முழு இடம் கொடுக்கப்படுகிறது. அழுகையைக் குறுக்கி விளக்கத்தை முந்தச் செய்யாமையே அப்புலவனின் அறம்.

கோவாவின் திவார் தீவில் பிறந்து, டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் இலங்கையில் மறைந்தும் அலைந்தும் பணிபுரிந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வேசு அடிகள் எழுதிய வியாகுல பிரசங்கம் மற்றொரு சான்று. தவக்காலத்தில் புலம்பல் இசையோடு அது வாசிக்கப்படும் மரபு ஈழத்திலும் தமிழகத்திலும் நிலைபெற்றது. எழுதப்பட்டது பிரசங்கம், மக்கள் அதனை ஒப்பாரியாக்கிக்கொண்டனர். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளும் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவளும் மரியாளின் பெயரால் தம் துன்பத்தை அழுது தீர்த்தனர். மேடையிலிருந்து இறங்கிய முன்னிலை உரையை மக்கள் தன்மை உரையாக மாற்றிக்கொண்ட இம்மாற்றமே கிறித்தவத் தமிழிலக்கியத்தின் உயிர்நாடி. இதனை நாட்டார் வழக்காறு என ஒருவரும், சமயநூல் என மற்றொருவரும் ஒதுக்கியதால் இரு துறையினரும் இழந்தனர்.

கருக்கு எழுப்பிய வினா

பாமாவின் கருக்கு 1992இல் வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பிக் கன்னியர் மடம் புகுந்த ஒருவர், அங்கும் சாதி வேரூன்றியிருக்கக் கண்டு வெளியேறிய வரலாறு அது. தமக்குப் பணிவும் பொறுமையும் உள்ள இயேசுவையே காட்டினர், அநீதி கண்டு சினந்த இயேசுவை மறைத்தனர் என்பது அந்நூலின் குற்றச்சாட்டுகளுள் தலையாயது. இதனைத் திருச்சபைக்கு எதிரான நூல் எனச் சிலர் வருந்தினர். சமய மறுப்பு நூல் எனச் சிலர் மகிழ்ந்தனர். இரண்டும் பிழை. பாமா துன்பத்துக்குப் பொருள் இல்லை எனச் சொல்லவில்லை. அப்பொருளை உரைக்கும் உரிமை எவர்க்குண்டு என்றே வினவினார். துன்பத்தைச் சுமத்தியவனே அதற்குப் பொருளும் உரைத்தலாகாது என்பதே அவ்வினாவின் உட்கிடை. இவ்வகையில் கருக்கு, மறைப்பணியாளர் ஆன்மிகத்தின் மறுப்பன்று. அதன் கடுமையான வழித்தோன்றல்.

ஆனால் நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் தேம்பாவணி ‘கிறித்தவ இலக்கியம்’ என்னும் தாளிலும், கருக்கு ‘தலித் இலக்கியம்’ என்னும் தாளிலும் வைக்கப்பட்டுள்ளன. இரு தாள்கள், இரு ஆசிரியர்கள், இரு தேர்வுகள். வடக்கன்குளத்தில் இடித்த சுவரை நாம் வகுப்பறையில் கட்டி வைத்திருக்கிறோம். அவ்வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒடுக்கப்பட்ட கிறித்தவ மாணவர் தம் வாழ்வை எந்தத் தாளில் தேடுவார்?

மறுப்புகளுக்கு விடை

துன்பத்தில் பொருள் தேடுவதே துன்பத்தை நிலைக்கச் செய்யும் என்பர் ஒரு சாரார். நோயுற்றவர்க்கு மருந்தே வேண்டும், பொருளுரை வேண்டா என்பது அவர்தம் கூற்று. மருந்து முதலில் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. ஆயின் மருந்தால் தீராத பிணியும், மீளாத இறப்பும், தாமே விரும்பி ஏற்கும் இடரும் உலகில் உள்ளவரை மனிதர் தம் துன்பத்துக்குப் பொருள் தேடியே தீர்வர். அத்தேடலை ஏளனம் செய்வதும் அவர்மேல் நிகழ்த்தும் மற்றொரு வன்முறையே.

துன்பம் மீட்பளிப்பது என்பது திருச்சபையின் போதனையன்றோ, அதனைத் திறனாயத் தமிழாசிரியர்க்கு என்ன தகுதி என்பர் மற்றொரு சாரார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரியில் துன்பத்தின் பொருள் குறித்து வெளியிட்ட திருமடலையே அவர்கள் மீளப் படிக்கலாம். அதுவும் யோபுவின் துன்பம் தண்டனையன்று என்கிறது. இறுதியில் நல்ல சமாரியரின் உவமைக்கு வந்து சேர்கிறது. அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியர் துன்பத்தின் மேன்மையைப் பேசவில்லை. காயத்தில் எண்ணெய் வார்த்தார். பிறர் துன்பத்துக்கு நாம் தரத்தக்க ஒரே விளக்கம் அதுவே.

இது பழங்கதை என எண்ணுவோர்க்கு ஒன்று கூறலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 1937இல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, பல்லாண்டுகள் சார்க்கண்டுப் பழங்குடியினரிடையே வாழ்ந்தவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் தம் 83ஆம் அகவையில் கைதாகி, நடுக்குவாத நோயோடு சிறையிலிருந்து, பிணை மனு முடிவாகுமுன்பே 2021 சூலை 5ஆம் நாள் மும்பை மருத்துவமனையில் இறந்தார். விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர் பற்றி ஆய்வு செய்து வெளியிட்டவர் அவர். இன்று அவரைப் பீடத்தில் ஏற்றுவோரும் பழிதூற்றுவோரும் அவரையே பார்க்கின்றனர். அவர் சுட்டிக்காட்டிய இளைஞரை எவரும் பார்ப்பதில்லை. ஓரியூரின் பெயரற்ற உபதேசியார்களுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்கிறது.

முடிவுரை

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன மூன்று. மறைப்பணியாளரைத் தமிழ்த்தொண்டர் என்னும் ஒற்றைச் சொல்லில் அடைப்பதை நிறுத்தி, அவர்தம் நம்பிக்கையையும் அதன் விலையையும் நூல்வழி ஆராய்தல் முதலாவது. உபதேசியார், விலக்கப்பட்ட பெண்டிர், சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டோர் ஆகியோரின் துன்பத்தையும் அவ்வரலாற்றினுள் சேர்த்தெழுதுதல் இரண்டாவது. தேம்பாவணியையும் வியாகுல பிரசங்கத்தையும் கருக்கையும் ஒரே தாளில், ஒரே வகுப்பறையில் வைத்துப் பயிற்றுதல் மூன்றாவது.

லிசுபனிலிருந்து திரும்பிய துறவியும், மடத்திலிருந்து வெளியேறிய பெண்ணும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர்போல் தோன்றலாம். இருவரும் தம் துன்பத்தின் பொருளைத் தாமே உரைத்தனர். அவ்வுரிமையை எவர்க்கும் விட்டுக்கொடுக்காமையே அவ்விருவரும் நமக்கு விட்டுச்சென்ற பாடம். தவத்தின் இருபாதிகளில் ஒன்றைத் தமக்கென வைத்துக்கொண்டு மற்றொன்றை மறந்தோரை வள்ளுவரும் மன்னித்திரார்.